கேபிள் தொலைக்காட்சியின் தோற்றமும் பார்சன்ஸ் தம்பதியரும்

தொலைக்காட்சியின் வரலாறு கூறும் நூல்கள் பெரும்பாலும் பெருநகரங்களின் வரலாற்றையே கூறுகின்றன. இலண்டன், நியூயார்க் முதலிய நகரங்களில் நிலையங்கள் எழுந்த காலமும், அவற்றை எழுப்பிய நிறுவனங்களின் ஆற்றலும் அவற்றில் விரிவாகப் பேசப்படும். நிலையம் ஏதும் இல்லாத சிற்றூர்களிலும் மலையூர்களிலும் வாழ்ந்தோர் அக்காட்சியினை எவ்வாறு பெற்றனர் என்னும் வினாவிற்கு அந்நூல்கள் ஓரிரு பத்திகளையே ஒதுக்குகின்றன. இன்று உலகெங்கும் கேபிள் எனப் பெயர் பெற்று விளங்கும் அமைப்போ நகரத்திற் பிறந்ததன்று. நகரத்திற்குத் தொலைவிலிருந்த ஊர்களிற் பிறந்தது. அதன் தோற்றத்தோடு தொடர்புடைய பெயர்களுள் அமெரிக்க ஒரிகன் மாநிலத்து ஆஸ்டோரியா நகரினராகிய எட் பார்சன்ஸ், கிரேஸ் பார்சன்ஸ் என்னும் கணவன் மனைவியர் பெயர்கள் குறிப்பிடத்தக்கன. அவர்தம் முயற்சி எத்தகையது, அதனை முதன்முயற்சி எனக் கொள்ளலாமா, அதில் மனைவியின் பங்கு யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிலமும் அலையும்

முதற்கண் இயற்கை விதித்த தடையினை அறிதல் வேண்டும். வானொலியின் நடுத்தர அலைகள் நிலத்தைத் தழுவி நெடுந்தொலைவு செல்லும். இரவில் வானடுக்குகளில் எதிரொலித்து இன்னும் மிகுதியான தொலைவு எட்டும். தொலைக்காட்சிக்கு அக்காலத்திற் பயன்பட்ட மிகு அதிர்வெண் அலைகளோ ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. நிலவுலகின் வளைவு அவற்றை மறைக்கும். மலை குறுக்கிடின் அதன் பின்புறம் நிழல் விழுவதுபோல அலையற்ற பகுதி தோன்றும். ஆதலின் ஐம்பது அறுபது மைல்களுக்கு அப்பால் ஒரு நிலையத்தின் காட்சி தெளிவாகக் கிட்டுதல் அரிதாயிற்று. எனினும், உயரமான இடங்களில் அலையின் மெல்லிய எச்சம் சிற்சில சமயங்களில் வந்து படிவதுண்டு. ஓரிடத்தில் அலை இருக்கும். அதனையடுத்த தெருவில் இராது. இவ்வியல்பே பிற்காலத்து அமைப்பிற்கு வழிகாட்டியது. மேட்டிற் கிடைக்கும் அலையை ஓர் அலைவாங்கியாற் பற்றிப் பெருக்கி, கம்பியின் வழியே பள்ளத்திலுள்ள வீடுகளுக்குக் கொணர்தல் இயலும் என்பதே அவ்வழி. கருத்து எளியதே, ஆயினும் அதனைச் செயலாக்குதற்கு அலையைத் தேடும் பொறுமையும், கம்பியில் அலை மெலியாமற் காக்கும் திறனும் இன்றியமையாதனவாயின.

ஆஸ்டோரியாவில் நிகழ்ந்தவை

ஆஸ்டோரியா, கொலம்பியா ஆறு பசிபிக் பெருங்கடலிற் கலக்குமிடத்தில் அமைந்த துறைமுக நகர். மீன்பிடித் தொழிலும் மரத் தொழிலும் அதன் வாழ்வு. 1950ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 12,000 பேர். எட் பார்சன்ஸ் அந்நகரில் கே.ஏ.எஸ்.டி. என்னும் சிறு வானொலி நிலையத்தை நடத்தியவர். மின்னணுக் கருவிகளைச் செப்பனிடுதலில் தேர்ந்தவர். போருக்குப் பின்னர்ச் சிகாகோவில் நடைபெற்ற ஒலிபரப்பாளர் மாநாடு ஒன்றிற்குச் சென்றிருந்தபோது கணவனும் மனைவியும் தொலைக்காட்சியினைக் கண்டனர். அன்று முதல், வானொலியோடு படமும் தம் வீட்டிற்கு வேண்டும் என்பது கிரேசின் விருப்பமாயிற்று.

அவ்விருப்பம் நிறைவேறுதற்கு அண்மையில் நிலையம் ஏதும் இல்லை. மாநிலத்தின் பெருநகரமாகிய போர்ட்லண்டிற்கே 1952 செப்டம்பரில்தான் முதல் தொலைக்காட்சி நிலையம் வாய்த்தது. ஆனால் 1948இல், வடக்கே ஏறத்தாழ 125 மைல் தொலைவிலுள்ள சியாட்டில் நகரில் கே.ஆர்.எஸ்.சி. என்னும் நிலையம் தோன்றவிருக்கும் செய்தி எட்டியது. அமெரிக்க வடமேற்குப் பகுதியின் முதல் தொலைக்காட்சி நிலையம் அதுவே. பார்சன்ஸ் அலையளவி கொண்டு நகரெங்கும் தேடினார். அலையின் எச்சம் விரல்கள் நீண்டாற்போல இங்கொன்றும் அங்கொன்றுமாக நகரைத் தொடுதலைக் கண்டார். அவ்விரல்களுள் ஒன்று, அவர் குடியிருந்த இல்லத்திற்கு எதிரே நின்ற ஜான் ஜேக்கப் ஆஸ்டர் விடுதியின் மேற்றளத்தைத் தொட்டது. அவ்விடத்து அலைவாங்கியை நிறுத்தி, அலையைப் பெருக்கி, தெருவின் குறுக்கே தம் இல்லத்திற்கு ஓரச்சு வடத்தை இழுத்தார். நிலையம் அனுப்பிய ஐந்தாம் அலைவரிசையினை இரண்டாம் அலைவரிசையாக மாற்றிக் கொணர்ந்தார் என்பர். அதிர்வெண் குறையக் குறைய வடத்தில் அலை இழக்கும் வலிமையும் குறையும் ஆதலின் அம்மாற்றம் பொருத்தமுடையதே.

1948 நவம்பர் 25, அமெரிக்கர் நன்றி நவிலும் திருநாள். சியாட்டில் நிலையம் அன்று தன் முதல் ஒளிபரப்பாகப் பள்ளி மாணவர் காற்பந்தாட்டம் ஒன்றினைக் காட்டியது. விடுதியின் மேலே கணவர் அலைவாங்கியைத் திருப்பிக்கொண்டிருக்க, இல்லத்தில் மனைவியார் திரையை நோக்கியிருந்து, படம் தெளிதலையும் மங்குதலையும் கையடக்க வானொலிக் கருவி வாயிலாக அவர்க்கு அறிவித்தார் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். 125 மைல் கடந்து வந்த காட்சி அவ்வில்லத்திற் புலப்பட்டது.

செய்தி பரவியது. அறிந்தாரும் அறியாதாரும் அவ்வீட்டிற் குழுமினர். இல்லம் இல்லமாக இல்லாது பொதுமன்றமாயிற்று. அந்நெருக்கடியைத் தீர்க்கவே பார்சன்ஸ் விடுதியின் முன்கூடத்திற் கருவி ஒன்றினை வைத்தார். அங்குத் தங்க வருவோர்க்கு நுழைய இடமின்றிக் கூட்டம் பெருகியது. பின்னர் இசைக்கருவிக் கடையொன்றின் பலகணியில் வைக்க, தெருவிற் போக்குவரத்துத் தடைப்பட்டது. இனி அவரவர் வீட்டிற்கே காட்சியைக் கொண்டு செல்லுதல் ஒன்றே வழி என்னும் நிலை உருவாயிற்று. வடம் வீடு வீடாக நீண்டது. இணைப்பிற்குப் பெற்ற கட்டணம் 125 டாலர். ஆஸ்டோரியாவின் காக்ஸ்கோம்பு குன்றின்மேல் நாட்டப்பட்டுள்ள நினைவுக்கல், அமெரிக்காவின் முதல் சமுதாய அலைவாங்கி அமைப்பு 1949 பிப்ரவரியில் அங்கு நிறைவுற்றதாகக் கூறுகின்றது.

ஈண்டு ஒரு காரண காரியத் தொடர்ச்சியினை நோக்குதல் வேண்டும். வணிகத் திட்டமாக இம்முயற்சி தொடங்கவில்லை. ஒரு வீட்டின் விருப்பம் அலைவாங்கியை நிறுவச் செய்தது. அவ்வீட்டின் அமைதி குலைந்தமை விடுதிக்கும் கடைக்கும் வடத்தை நீட்டச் செய்தது. அவ்விடங்களும் கொள்ளாமை ஊர் முழுதும் வடம் செல்லக் காரணமாயிற்று.

தடையாணையும் பரவலும்

தனியொருவர் முயற்சி நாடளாவிய அமைப்பாக வளர்வதற்கு அரசின் ஆணை ஒன்று, தான் கருதாமலே துணைசெய்தது. நிலையங்களின் அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதுதலைக் கண்ட கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், 1948 செப்டம்பர் 30 அன்று புதிய நிலையங்களுக்கு இசைவளித்தலை நிறுத்தியது. சில திங்களில் நீங்கும் எனக் கருதப்பட்ட அத்தடை 1952 ஏப்ரல் வரை நீடித்தது. அதுகாறும் நாடு முழுமைக்கும் முன்னரே இசைவு பெற்றிருந்த 108 நிலையங்களே இயங்க வேண்டியதாயிற்று. பெருநகரங்கள் சிலவற்றிற்கே நிலையம் இல்லாதபோது சிற்றூர்களுக்கு நிலையம் வாய்க்கும் என எதிர்பார்த்தல் இயலாது. எனவே மேட்டிலிருந்து கம்பி கொணரும் முறையே அவற்றிற்குப் புகலாயிற்று.

1950இல் பென்சில்வேனிய மாநிலத்து நிலக்கரிச் சுரங்க ஊராகிய லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்டன் என்பவர் தம்மொத்த வணிகருடன் கூடி நிறுவிய அமைப்பு, ஏனை ஊர்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது. அதற்குப் பெருக்கிகளை ஆக்கித் தந்த ஜெரால்டு நிறுவனத்தின் தலைவர் மில்டன் ஷாப், பிற்காலத்து அம்மாநிலத்தின் ஆளுநராகவும் விளங்கினார். 1952இல் இத்தகைய அமைப்புகள் ஏறத்தாழ 70, இணைப்புப் பெற்ற வீடுகள் ஏறத்தாழ 14,000 என்பது அத்துறையினர் கூறும் கணக்கு.

முதன்மை பற்றிய வழக்கு

ஆஸ்டோரியாவே முதலிடம் என்பதனை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பென்சில்வேனியாவின் மகனாய் நகரில் மின்கருவிக் கடை நடத்திய ஜான் வால்சன், மார்கரெட் வால்சன் தம்பதியர்க்கே அப்பெருமை உரியது என்பாரும் உளர். அந்நகரமும் மலைசூழ்ந்த சுரங்க ஊரே. பிலடெல்பியாவின் மூன்று நிலையங்களும் மலைக்கப்பால் ஒளிர, கடையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் விலைபோகாமற் கிடந்தன. வால்சன் அண்மையிலிருந்த மலைமேல் அலைவாங்கியை நிறுவிக் கடைவரை கம்பி இழுத்து, இடைவழியிலிருந்த வீடுகளுக்கும் இணைப்பளித்தார். இது நிகழ்ந்தது 1948 ஜூன் என்பது அவர் கூற்று. 1979இல் அமெரிக்கப் பேராயமும் கேபிள் தொழிலோர் சங்கமும் அவரைச் சிறப்பித்தன. ஆர்கன்சாஸ் மாநிலத்து டக்கர்மன் என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் டேவிட்சன் 1948 நவம்பரிலேயே மெம்பிஸ் நகரக் காட்சியைக் கம்பிவழிக் காட்டினார் என்பது மூன்றாவது வழக்கு.

இவ்வழக்குகளை எவ்வாறு தீர்ப்பது? நூலின் காலத்தை வரையறுக்க முற்படும் நமக்கு இவ்வினா புதிதன்று. சான்றின் தன்மை கொண்டே முடிவு செய்தல் வேண்டும். வால்சன் கூற்றிற்குரிய தொடக்ககால ஆவணங்கள் 1952இல் நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன என்பர். எஞ்சியது பிற்காலத்து நினைவு. 1996இல் இதனை விரிவாக ஆராய்ந்த பாட்ரிக் ஆர். பார்சன்ஸ் என்னும் அறிஞர், உடன்காலச் செய்திகள் 1948 என்னும் ஆண்டிற்குத் துணைசெய்யவில்லை எனக் காட்டினார். ஆவணம் அழிந்தமையால் ஒரு கூற்றினைப் பொய் எனத் தள்ளுதல் முறையன்று; ஓலைகள் தீக்கும் நீருக்கும் இரையான நாட்டிற் பிறந்த நாம் அதனை நன்கு அறிவோம். ஆயினும், அழிந்த ஓலையில் இன்னது இருந்தது எனச் சான்றின்றித் துணிதலும் முறையன்று.

ஆஸ்டோரியா வழக்கிற்கோ உடன்காலச் சான்று உண்டு. சியாட்டில் நிலையம் தொடங்கிய நாள் ஐயத்திற்கு இடமற்றது; அதற்கு முன் அங்குக் காட்சி கிடைத்திருத்தல் இயலாது. 1949இலேயே தகவல் தொடர்பு ஆணையம் அவ்வமைப்புப் பற்றி விளக்கம் கேட்டுப் பார்சன்சுக்கு மடல் விடுத்தது. ஆகவே, காலத்தால் முந்தியது எது என்பதில் ஐயம் எஞ்சினும், உடன்காலச் சான்றால் உறுதிப்பட்ட தொடக்கங்களுள் ஆஸ்டோரியா முதன்மையானது எனக் கொள்ளுதல் தகும். ஒரே தேவை பல ஊர்களில் ஒரே காலத்து ஒரே விடையினைத் தோற்றுவித்தது என்பதே இவ்வழக்குகள் யாவும் சேர்ந்து உணர்த்தும் உண்மை.

இயற்றுதலும் ஏவுதலும்

இனி, கிரேஸ் பார்சன்ஸின் பங்கினை நோக்குவோம். குன்றின்மேலுள்ள நினைவுக்கல் எட் பார்சன்ஸைப் புனைந்தோர் எனப் போற்றுகின்றது. மனைவியின் பெயர் அதில் இல்லை. வரலாற்று நூல்களிலும் அவர் கணவரிடம் ஒரு பொருளை விரும்பிக் கேட்ட மனைவியாகவே, சுவைக்காகச் சொல்லப்படும் துணைச் செய்தியாகவே வந்து செல்கின்றார். இது நேரிதா என்பதே நம் வினா.

வினை நிகழ்தற்குரிய கருத்தாவினை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா எனத் தமிழ் இலக்கண நூலோர் இருவகைப்படுத்துவர். தச்சன் கட்டியதும் கோயில். அரசன் கட்டியதும் அக்கோயிலே. கல்லைத் தொடாத அரசனையும் வினைமுதலாகக் கொள்ள நம் மொழி தயங்கியதில்லை. குறுநூறுகளைத் தொகுத்தாரையும் தொகுப்பித்தாரையும் தனித்தனியே பெயர் சுட்டிப் போற்றிய மரபும் நம்முடையது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இருவருள் ஒருவரை விடுத்து மற்றவரைக் கூறின் அக்குறிப்பு முழுமை பெறாது. இவ்வளவுகோலால் அளக்கின் கிரேஸ் ஏவுதற் கருத்தா ஆவார் என்பது வெளிப்படை.

அரசன் ஆணைக்கும் மனையாளின் விருப்பத்திற்கும் வேறுபாடு உண்டு அன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வினா தக்கதே. விருப்பம் கொண்டமை ஒன்றே அவர் செயலாயின் அவ்வேறுபாட்டினை நாமும் ஏற்போம். ஆனால் திரையின்முன் இருந்து படத்தின் நிலையைக் கணந்தோறும் அறிவித்தவர் அவர். அலைவாங்கி எத்திசை நோக்கி நிற்றல் வேண்டும் என்பது அவர் கண்ணால் முடிவு செய்யப்பட்டது. கூரைமேல் நின்றார்க்குப் படம் தெரியாது. திரைமுன் இருந்தார்க்கு அலைவாங்கி தெரியாது. இருவர் புலனும் கூடியே அச்செயல் முற்றியது. அன்றியும், வந்து குவிந்த மக்களுக்கு இடமளித்த இல்லம் அவருடையது. எனவே ஏவுதலோடு இயற்றுதலிலும் அவர்க்குப் பங்குண்டு.

இதற்குரிய சான்று யாது? மனைவியின் விருப்பமே தம்மைத் தூண்டியது என்பதனைக் கணவரே பிற்காலத்துக் கூறியுள்ளார். தம் பெருமையினைக் கூட்டும் கூற்றினை ஐயுற்று நோக்குதல் ஆய்வாளர் இயல்பு. தம் பெருமையினைப் பகிர்ந்தளிக்கும் கூற்று அத்தகைய ஐயத்திற்கு உரியதன்று. கல்லிற் பொறிக்கப்பெறாத செய்தி, கல்லிற் பொறிக்கப்பெற்றார் வாய்மொழியிலேயே நிற்கின்றது. வால்சன் நிறுவனமோ தன்னைத் தோற்றுவித்தோர் என ஜான், மார்கரெட் இருவரையும் குறிப்பிடுதல் ஈண்டு ஒப்பிட்டுக் காணத்தக்கது.

பரப்புதலா, பெறுதலா

இத்தம்பதியர் செய்தது ஒளிபரப்புத்தானா என்னும் சொல்லாராய்ச்சியும் ஈண்டு வேண்டப்படும். பரப்புதல் என்பது பெறுவார் இன்னார் என அறியாது எங்கும் தூவுதல். பார்சன்ஸ் செய்ததோ, பிறர் பரப்பியதனைப் பெற்று, அறிந்த வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தல். முன்னது விதைத்தல் போல்வது. பின்னது வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுதல் போல்வது. இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடவில்லை. வழக்குமன்றம் வரை சென்றது. திரைப்பட உரிமையாளர் ஒருபுறமும், மேற்கு வர்ஜீனிய மாநிலத்துக் கேபிள் அமைப்பினர் மறுபுறமும் நின்று வாதிட்ட வழக்கில், இவ்வமைப்பினர் பரப்புவோர் அல்லர், காண்போர்க்குத் துணைநிற்போரே. ஆதலின் உரிமைத்தொகை செலுத்த வேண்டுவதில்லை என 1968 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976இன் பதிப்புரிமைச் சட்டம் அந்நிலையை மாற்றிக் கட்டணம் விதித்தது. ஒரு சொல்லின் பொருள் வரையறை ஒரு தொழிலின் வாழ்வையே தாங்கி நின்றமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இவ்வாய்க்கால் நாளடைவில் ஊற்றாகவும் ஆயிற்று. வெறுமனே இருந்த அலைவரிசைகளிற் கடிகாரத்தையும் வெப்பமானியையும் மாறிமாறிக் காட்டத் தொடங்கிய சிற்றூர் அமைப்புகள், பின்னர் ஊர்ச் செய்தி, நகர மன்றக் கூட்டம், பள்ளி விளையாட்டு ஆகியவற்றைத் தாமே காட்டலாயின. 3,500க்கு மேற்பட்ட இணைப்புகளுடைய அமைப்புகள் தாமே நிகழ்ச்சிகளை ஆக்கியளித்தல் வேண்டும் என 1969இல் ஆணையம் விதித்தது. அவ்விதி பின்னர்க் கைவிடப்பட்டதாயினும், பொதுமக்கள், கல்வி, உள்ளாட்சி ஆகியவற்றிற்கு அலைவரிசை ஒதுக்குமாறு கேட்கும் உரிமையினை 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சியினர்க்கு அளித்தது. பிறவூர்க் காட்சியைப் பெறுதற்கு இழுத்த கம்பியே தன்னூர்க் காட்சியைத் தருதற்கும் உதவியது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். கேபிள் தொலைக்காட்சி, பெருநிறுவனங்கள் எட்டாத ஊர்களில் மக்கள் தம் தேவையைத் தாமே தீர்க்க முற்பட்டதன் விளைவு என்பது ஒன்று. அதன் முதன்மை பற்றிய வழக்குகளுள் உடன்காலச் சான்றின் வலிமை ஆஸ்டோரியாவின் பக்கமே மிகுதி என்பது மற்றொன்று. அம்முயற்சியினை ஒருவர் பெயரால் வழங்குதல் பொருந்தாது, இருவர் பெயராலும் வழங்குதலே நேரிது என்பது மூன்றாவது. புனைந்தோர் பட்டியலை வகுப்போர் கருவியைத் தொட்ட கையையே தேடுவர். அக்கையை இயக்கிய வேட்கையையும், அதற்கு வழிகாட்டிய கண்ணையும் சேர்த்தெண்ணுதல் ஆய்வாளர் கடன். கிரேஸ் பார்சன்ஸைப் போலக் குறிப்பின் ஓரத்தில் நிற்கும் பெண்டிர் பிற துறைகளின் வரலாற்றிலும் பலர் இருத்தல் கூடும். செய்தாரையும் செய்வித்தாரையும் பிரித்தறியும் இலக்கணம் கைவரப்பெற்ற தமிழ் மாணவர், அத்தகையோரைத் தேடிக் காணும் பணிக்குப் பெரிதும் உரியர்.